கண்ணில் தெரிவது எஃப்/2.8, படத்தில் விழுவது எஃப்/1.4: டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸிங் ஸ்கிரீன் மாற்றுவது பற்றி

உங்களிடம் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸும் இருந்தால் இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, 2.8-இல் வையுங்கள் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது). வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே, அபெர்ச்சரை முன்கூட்டியே மூடிக் காட்டும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தானை அமுக்குங்கள். லென்ஸ் இரண்டு ஸ்டாப் மூடுகிறது, அதாவது உள்ளே வரும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் வியூஃபைண்டர் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். பின்னணியின் மங்கலும் பெரிதாக மாறாது. அதே பொத்தானை எஃப்/8-இல் அமுக்கினால் மட்டும் பளிச்சென்று இருட்டும்.

கேமராவில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஃபோகஸிங் ஸ்கிரீன், 1.4-க்கும் 2.8-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்படி செய்யப்பட்டதே இல்லை. கையாலேயே ஃபோகஸ் செய்யவேண்டிய பழைய மேனுவல் லென்ஸை வாங்கி மாட்டி, கண் இமையில் துல்லியமாகத் திருகி எடுத்த படத்தில் காது மட்டும் கூர்மையாக இருப்பதைப் பார்த்து மனம் நொந்த எல்லோருக்கும் இதுதான் முதல் விளக்கம்.

சரி, இந்த ஸ்கிரீன் எங்கே இருக்கிறது? லென்ஸ் வழியாக வரும் ஒளி 45 பாகையில் சாய்ந்திருக்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்கே படுக்கைவாட்டில் ஒரு சிறிய திரை. அதன் மேல் பிம்பம் விழுகிறது. அதற்கு மேலே இருக்கும் பென்டாபிரிசம் அந்தப் பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. லென்ஸிலிருந்து சென்சாருக்கு ஒளி போகும் தூரமும், லென்ஸிலிருந்து கண்ணாடி வழியாக இந்தத் திரைக்குப் போகும் தூரமும் சமமாக இருக்க வேண்டும். அப்போதுதான் திரையில் கூர்மையாகத் தெரிவது சென்சாரிலும் கூர்மையாக விழும். ஆட்டோ ஃபோகஸுக்கும் இந்தத் திரைக்கும் சம்பந்தம் இல்லை. ஆட்டோ ஃபோகஸ் சென்சார் கேமராவின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடி அதற்கு ஒளியைத் திருப்பிவிடுகிறது. ஆகவே திரையை மாற்றினால் ஆட்டோ ஃபோகஸ் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

அந்தக் காலத்துத் திரை வெறும் சொரசொரப்பான கண்ணாடி. ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்தது. இருட்டாக இருந்தாலும் உண்மையைக் காட்டியது. ஆட்டோ ஃபோகஸ் வந்தபிறகு நிலைமை மாறியது. பெரும்பாலானோர் கையில் எஃப்/3.5-5.6 ஜூம் லென்ஸ்கள். அவற்றை மாட்டினாலும் வியூஃபைண்டர் பிரகாசமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நுண்ணிய லென்ஸ்களைப் போன்ற மேடுபள்ளங்கள் கொண்ட திரைகளைச் செய்தார்கள். இவை ஒளியைக் குறுகிய கோணத்தில் மட்டும் சிதறடித்து, பெரும்பகுதியை நேராகக் கண்ணுக்கு அனுப்பிவிடும். எஃப்/1.4 லென்ஸின் ஓரங்களிலிருந்து சாய்வாக வரும் கதிர்களோ அந்தக் குறுகிய கோணத்துக்கு வெளியே போய்விடுகின்றன. அவை கண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை. அதனால் 1.4 லென்ஸை மாட்டினாலும் நாம் பார்ப்பது ஏறத்தாழ 2.8 லென்ஸின் பிம்பம்தான்.

கணக்கு போட்டுப் பார்த்தால் இதன் விளைவு புரியும். 50 மி.மீ. லென்ஸில், 2 மீட்டர் தூரத்தில், வழக்கமான 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை (ஒரு புள்ளி இந்த அளவுக்குப் பரவினாலும் கூர்மையாகவே தெரியும் என்ற வரம்பு) வைத்துப் பார்த்தால், எஃப்/2.8-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 27 செ.மீ. எஃப்/1.4-இல் சுமார் 13 செ.மீ. 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸாக இருந்தால் வெறும் நாலரை செ.மீ. கண் 27 செ.மீ. ஆழத்தைப் பார்த்து “ஆச்சு, ஃபோகஸ் கிடைச்சாச்சு” என்று சொல்கிறது. சென்சாரோ அதில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்கிறது.

இதோடு வியூஃபைண்டரின் அளவும் சேர்ந்துகொள்கிறது. 1972-இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-1 கேமராவின் வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.92. 1976-இன் கேனன் ஏஇ-1-இல் 0.86. முழு ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) டிஜிட்டலான கேனன் 5டி மார்க் 2-இல் அது 0.71. கேனன் 40டி-க்கு 0.95 என்று பட்டியலில் போட்டிருக்கும். ஆனால் அதன் சென்சார் 1.6 மடங்கு சிறியது, அதனால் கண்ணுக்குத் தெரியும் அளவு முழு ஃப்ரேம் கணக்கில் 0.6-க்கும் சற்றுக் கீழே. அப்பாவின் பழைய ஃபிலிம் கேமராவை எடுத்துப் பார்த்துவிட்டு, “இதில் மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக ஃபோகஸ் கிடைக்கிறது?” என்று வியப்பவர்களுக்கு இது பாதி பதில்.

மீதிப் பாதி, அந்தக் கேமராவின் நடுவில் இருக்கும் வட்டம். ஸ்பிளிட் இமேஜ் என்று எல்லோருக்கும் தெரிந்த, இரண்டாகப் பிளந்த வட்டம்.

திரையை மாற்ற நினைக்கும் பலரும் முதலில் தேடுவது இதைத்தான். நானும் அதைத்தான் தேடினேன். இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது தானாகத் தெரிந்துவிடும். வட்டத்தின் இரண்டு பாதிகளும் எதிரெதிராகச் சரிந்த இரண்டு சிறு ஆப்பு வடிவப் பிரிசங்கள். ஒரு பாதி லென்ஸின் ஒரு ஓரத்து வழியாகப் பார்க்கிறது, மறுபாதி எதிர் ஓரத்து வழியாக. பிம்பம் சரியாகத் திரையின் தளத்தில் விழுந்தால் இரண்டு பார்வையும் ஒரே இடத்தில் சந்திக்கும். கோடு நேராகத் தெரியும். முன்னாலோ பின்னாலோ விழுந்தால் கோடு உடைந்து விலகும்.

மனிதக் கண்ணுக்கு ஒரு தனித் திறமை உண்டு. ஒரு பிம்பம் கூர்மையா மங்கலா என்று தீர்ப்பதைவிட, இரண்டு கோடுகள் ஒட்டுகின்றனவா விலகுகின்றனவா என்பதை அது பல மடங்கு நுட்பமாகக் கண்டுபிடிக்கும். வெர்னியர் அளவுகோலைப் படிக்கும்போது நாம் நம்பியிருப்பதும் இதே திறமையைத்தான். ஸ்பிளிட் திரை அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. வயதாகிப் பார்வை கொஞ்சம் தளர்ந்தவர்கள் ஸ்பிளிட் வட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம், நியாயமான காரணமும்கூட. பிம்பமே சற்று மங்கலாகத் தெரிந்தாலும் கோடு ஒட்டியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இனி குறைகள். அந்த ஆப்புகள் எவ்வளவு சரிவாக இருக்கின்றனவோ, லென்ஸின் அவ்வளவு தொலைவான ஓரங்களிலிருந்து அவை பார்க்கும். அவ்வளவு நுட்பம் கூடும். ஆனால் மெதுவான லென்ஸில், அதாவது முழுத் திறப்பே சிறியதாக இருக்கும் லென்ஸில், அந்த ஓரமே இருக்காது. எஃப்/5.6 ஜூமை மாட்டினால் ஆப்பு பார்க்கும் இடத்தில் லென்ஸே இல்லை, வெறும் இருட்டுக் குழாய்தான். வட்டத்தின் ஒரு பாதி கறுப்பாகிவிடும்; கண்ணைச் சற்று நகர்த்தினால் மறுபாதி கறுப்பாகும். அடாப்டர் போட்டு மாட்டிய பழைய லென்ஸில் அபெர்ச்சரைக் கையாலேயே மூட வேண்டியிருப்பதால் இது இன்னும் தொல்லை. எஃப்/8-க்கு மூடிவிட்டு ஃபோகஸ் பார்த்தால் நடுவில் கறுப்பு அரைவட்டம் உட்கார்ந்திருக்கும். திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு அப்புறம்தான் மூட வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொரு குறை உண்டு. ஸ்பிளிட்டின் நுட்பம் அதன் ஆப்பின் சரிவிலேயே நிலைத்துவிடுகிறது. எஃப்/4-ஐ மனதில் வைத்துச் செய்த பிரிசத்தின் முன்னால் எஃப்/1.2 லென்ஸையே மாட்டினாலும் அது எஃப்/4 ஓரங்களிலிருந்துதான் பார்க்கும். லென்ஸ் வேகமாகிவிட்டது என்பதற்காகப் பிரிசத்தின் நுட்பம் கூடாது. தேவைப்படும் நுட்பமோ கூடிக்கொண்டே போகிறது. அதோடு, நேர்கோடு கிடைக்கும் இடத்தில்தான் இது வேலை செய்யும். ஜன்னல் விளிம்பு, சட்டைக் காலர், கண்ணாடிச் சட்டம் எல்லாம் சரி. குழந்தையின் கன்னத்தில் எந்தக் கோட்டைத் தேடுவது? பிளவைப் படுக்கைவாட்டில் வைக்காமல் 45 பாகையில் சாய்த்து வைத்த திரைகள் நிற்கும் கோடு, படுத்த கோடு இரண்டுக்கும் உதவும் என்பதால் என் பார்வையில் அவை மேல். ஸ்பிளிட் வட்டத்தைச் சுற்றி வளையமாக இருக்கும் மைக்ரோபிரிசம் அதே தத்துவம்தான்: நூற்றுக்கணக்கான குட்டிப் பிரிசங்கள், ஃபோகஸ் இல்லாதபோது பிம்பம் பளபளவென்று நொறுங்கித் தெரியும். கோடு இல்லாத இடத்தில் இது உதவும். மெதுவான லென்ஸில் இதுவும் இருண்டுவிடும்.

இப்போது அதிகம் பேசப்படாத, ஆனால் என் மனதுக்கு மிகவும் நெருக்கமான மூன்றாவது வகைக்கு வருகிறேன். நடுவில் வட்டமோ பிரிசமோ எதுவும் இல்லாத, ஆனால் ஒளியைப் பழைய கண்ணாடிபோல அகன்ற கோணத்தில் சிதறடிக்கும் மேட் திரை. கேனன் இதை சூப்பர் பிரிசிஷன் மேட் என்று அழைத்தது. 5டி-க்கு இஇ-எஸ், 5டி மார்க் 2-க்கும் 6டி-க்கும் இஜி-எஸ், 40டி, 50டி, 60டி மூன்றுக்கும் இஎஃப்-எஸ். (இந்தக் கடைசிப் பெயர் கேனனின் ஒரு லென்ஸ் வரிசையின் பெயராகவும் இருப்பதால் பழைய சாமான் விற்பவர்களிடம் கேட்கும்போது குழப்பம் வரும். “ஃபோகஸிங் ஸ்கிரீன்” என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.) 2008-இல் வந்த சோனி ஏ900-க்கும் டைப் எம் என்ற பெயரில் இதே வகைத் திரை இருந்தது.

இதை மாட்டிவிட்டு வேகமான லென்ஸ் வழியாகப் பார்க்கும் முதல் நிமிடம் மறக்க முடியாதது. பின்னணி உருகி விலகுகிறது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது முகத்தின் மேல் கூர்மை ஒரு மெல்லிய அலைபோல நகர்ந்து போவது தெரிகிறது. மூக்கு, இமை, காது என்று ஒவ்வொன்றாக எழுந்து அடங்கும். ஃபோகஸ் “சட்டென்று வந்து நிற்கிறது” என்று இதைப் பயன்படுத்துபவர்கள் சொல்வது மிகை இல்லை. வட்டம் நடுவில் இல்லாததால் கண் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஃபோகஸ் செய்யலாம். நடுவில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டகத்தைத் திரும்ப நகர்த்த வேண்டாம். எஃப்/1.4-இல் அந்த நகர்த்தலே ஃபோகஸைக் கெடுக்கப் போதுமானது என்பதால் இதைச் சிறிய லாபமாக நினைக்கவேண்டாம்.

விலை என்னவென்றால் வெளிச்சம். எஃப்/2.8 அல்லது அதைவிட வேகமான லென்ஸ்களுக்கு என்றுதான் கேனன் இதைச் சொல்லி விற்றது. எஃப்/4 ஜூமில் மாலை நேரத்தில் வியூஃபைண்டர் மங்கிவிடும், மணல்மணலாகவும் தெரியும். எஃப்/5.6 டெலி லென்ஸில் பறவை எடுப்பவர் இதை மாட்டவே கூடாது.

ஆகவே எந்தத் திரை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் பையில் இருக்கும் லென்ஸ்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வையுங்கள். அவற்றின் முழுத் திறப்பு என்ன என்று பாருங்கள். எஃப்/1.2 முதல் 2 வரையிலான லென்ஸ்களை அநேகமாகத் திறந்தபடியே பயன்படுத்துபவர், ஆட்களை எடுப்பவர், மேட் எஸ் வகையைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எஃப்/2, 2.8 போன்ற பழைய 28, 35 மி.மீ. லென்ஸ்கள் வைத்திருப்பவருக்கும், பார்வையில் சிரமம் உள்ளவருக்கும் சாய்ந்த பிளவுள்ள ஸ்பிளிட் பொருந்தும். அகலக் கோண லென்ஸில் மேட் திரையில் எல்லாமே கூர்மையாகத் தெரிவதுபோல ஏமாற்றும், அங்கே கோடு ஒட்டுவதை நம்புவதே மேல். பூச்சி, பூ என்று மிக நெருக்கத்தில் மேக்ரோ எடுப்பவருக்கு ஸ்பிளிட் வேண்டவே வேண்டாம்: பொருளின் அசல் அளவிலேயே பிம்பம் விழும் 1:1 அளவுக்கு நெருங்கும்போது எஃப்/2.8 லென்ஸ் நடைமுறையில் எஃப்/5.6 ஆகிவிடுவதால் வட்டம் கறுத்துவிடும். டிரைபாடில் வைத்துக் கட்டடமோ நிலக்காட்சியோ எடுப்பவர் திரைக்குப் பணம் செலவழிக்காமல் பின்பக்கத் திரையில் பிம்பத்தைக் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். எந்தத் திரையும் அதற்கு ஈடாகாது. எஃப்/4 ஜூமும் எஃப்/1.4 பிரைமும் (ஜூம் இல்லாத லென்ஸ்) மாறி மாறி மாட்டுபவர் பாடுதான் திண்டாட்டம். முடிந்தால் மேனுவல் லென்ஸ்களுக்கு என்று ஒரு பழைய பாடியைத் தனியாக ஒதுக்கிவிடுவது நிம்மதி.

பாடி என்றதும் இன்னொன்று. எல்லா டிஎஸ்எல்ஆரிலும் திரையை நாமே மாற்ற முடியாது. கேனனில் 5டி, 5டி மார்க் 2, 6டி, 40டி, 50டி, 60டி, 7டி மார்க் 2 ஆகியவற்றிலும் 1டி வரிசையிலும் அந்த நிறுவனமே மாற்றுத் திரைகளை விற்றது. 5டி மார்க் 3-இலும் முதல் 7டி-யிலும் வியூஃபைண்டருக்குள் ஒளி ஊடுருவும் எல்சிடி தகடு ஒன்றை வைத்துவிட்டார்கள். திரை பயனர் மாற்றும் பொருளாக இல்லாமல் போனது. நிகான் பக்கம் இன்னும் வருத்தம். 2013-இல் பழைய எஃப்எம் வரிசையின் தோற்றத்தில் டிஎஃப் கேமராவைக் கொண்டுவந்தார்கள். 1959-இலிருந்து வந்த மேனுவல் லென்ஸ்களைக்கூட மாட்டலாம் என்பதே அதன் பெருமை. ஆனால் திரை ஆட்டோ ஃபோகஸ் காலத்துத் திரை, அதை மாற்றவும் வழி வைக்கவில்லை. அந்த லென்ஸ்களின் மேல் அவ்வளவு மரியாதை காட்டியவர்கள் இதைச் செய்யாமல் விட்டது எனக்கு இன்றுவரை மனக்குறை.

நிறுவனம் விற்காத இடத்தை மூன்றாம் தரப்பினர் நிரப்பினார்கள். அமெரிக்காவில் காட்ஸ் ஐ என்ற சிறு நிறுவனம் பல பாடிகளுக்கு ஸ்பிளிட் திரை செய்து நல்ல பெயர் எடுத்தது, இப்போது இல்லை. தைவானிலிருந்து வருபவை பெரும்பாலும் வேறு கேமராவுக்கான அசல் திரையை அளவுக்கு வெட்டியவை. நிகான் எஃப்எம்3ஏ-யின் கே3 திரையை வெட்டி டிஜிட்டல் பாடிக்குள் பொருத்துவது இதில் பிரபலம். யோசனை நல்லதுதான். ஆனால் தடிமன் மாறுபடும், அங்கேதான் ஆபத்து.

திரையின் வகையைவிட அது உட்காரும் உயரம் முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மலிவு விலையில் பெயரில்லாத ஒரு ஸ்பிளிட் திரையை வாங்கி மாட்டினேன். கோடு அழகாக ஒட்டும், படம் ஒவ்வொன்றிலும் கூர்மை கண்ணுக்குப் பின்னால். ஒரு மாதம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கணக்கு போட்டேன். திரை 0.05 மி.மீ. உயரம் தவறி உட்கார்ந்தால், 50 மி.மீ. லென்ஸில் 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் 7 முதல் 8 செ.மீ. வரை தள்ளிப்போகிறது. எஃப்/1.4-இல் முன்னுக்கும் பின்னுக்கும் கிடைக்கும் இடமே ஆறரை செ.மீ.தான். அதாவது ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன் அளவு தவறினால் போதும், எவ்வளவு கவனமாகத் திருகினாலும் படம் போய்விட்டது.

இதைச் சரிசெய்யத்தான் ஷிம் என்னும் மெல்லிய சட்டகத் தகடுகள். திரைக்கு மேலே இவற்றைக் கூட்டியோ குறைத்தோ உயரத்தைத் திருத்தலாம். சோதிக்கும் முறை எளிது: கேமராவை டிரைபாடில் வைத்து, ஒரு அளவுகோலை 45 பாகையில் சாய்த்து வைத்து, அபெர்ச்சரை முழுவதும் திறந்து, வியூஃபைண்டரில் ஒரு குறிப்பிட்ட கோட்டில் ஃபோகஸ் செய்து எடுங்கள். வளையத்தைக் கலைத்துவிட்டு மறுபடி. பத்து முறையாவது செய்தால்தான் கையின் பிழை எது, திரையின் பிழை எது என்று பிரியும். எல்லாப் படங்களும் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் திரைதான் குற்றவாளி. கேமராவுக்கு நெருக்கமான பக்கம் கூர்மையாக விழுந்தால் திரை கண்ணாடியை நோக்கி இறங்கியிருக்கிறது, தடிமன் குறைந்த ஷிம் வேண்டும். தூரப் பக்கம் விழுந்தால் திரை மேலே ஏறியிருக்கிறது, தடிமன் கூட்ட வேண்டும். கேமராவுக்குள் ஏற்கெனவே ஒரு ஷிம் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் பாடிக்கென்றே தொழிற்சாலையில் அளந்து வைத்தது.

சோதிப்பதற்கு முன், வியூஃபைண்டரை உங்கள் பார்வைக்கு ஏற்ப மாற்றும் டயாப்டரைச் சரிசெய்ய மறக்க வேண்டாம். லென்ஸை முழுவதும் ஃபோகஸ் கலைத்துவிட்டு, திரையில் தெரியும் ஃபோகஸ் புள்ளிகளோ கட்டமோ கூர்மையாகத் தெரியும்வரை கண்ணருகே இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்புங்கள். மேட் திரைக்கு இது உயிர்நாடி. வேறு திரை வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த சிலருக்கு இதைத் திருப்பியதுமே பிரச்சினை தீர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டும் வேலை ஐந்து நிமிடம்தான். லென்ஸைக் கழற்றினால் கண்ணாடிக்கு மேலே, முன் விளிம்பில் ஒரு சின்னக் கொக்கி தெரியும். அதை விடுவித்தால் சட்டம் திரையோடு கீழே இறங்கும். திரையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைப் பிடித்து எடுக்க வேண்டும். கேனன் திரையோடு இதற்கென்றே ஒரு இடுக்கி வரும். விரல் படவே கூடாது. இது மென்மையான பிளாஸ்டிக். லென்ஸ் துடைக்கும் துணியோ திரவமோ பட்டால் கீறல் நிரந்தரம். தூசி இருந்தால் புளோயரால் ஊதுங்கள், போகவில்லையென்றால் விட்டுவிடுங்கள். திரையில் இருக்கும் தூசி படத்தில் விழாது.

மாட்டியபின் மெனுவில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கேமராவின் எக்ஸ்போஷர் மீட்டர் மேலே இருந்து இந்தத் திரையைப் பார்த்துத்தான் வெளிச்சத்தை அளக்கிறது. திரை மாறினால் அதன் கணக்கும் மாற வேண்டும். 5டி மார்க் 2-இன் கஸ்டம் ஃபங்ஷன்களில் ஃபோகஸிங் ஸ்கிரீன் என்று ஒரு வரி உண்டு, அங்கே இஜி-எஸ் என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள். மூன்றாம் தரப்பு ஸ்பிளிட் திரைக்கு அப்படி ஒரு வரி கிடையாது. நடுவில் இருக்கும் பிரிசம், நடுவில் ஒரு சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைத்தான் அதிகம் குழப்பும், குறிப்பாக அது கறுத்திருக்கும் நேரத்தில். அந்தத் திரையோடு ஸ்பாட்டைத் தவிர்த்து, முழுச் சட்டகத்தையும் அளக்கும் முறையில் வைத்து, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமை ஒருமுறை பார்த்துக்கொண்டு எடுங்கள். கழற்றிய பழைய திரையை, அது வந்த டப்பாவிலேயே, எந்த ஷிம்மோடு இருந்தது என்று சீட்டெழுதி வைத்துவிடுங்கள்.